இல்லை என்று எழுதிய காகிதம்

இன்றைக்கு நர்சம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் கையில் தடவினாள். அந்த வாசனை போதும் தம்பி, அன்று துறைமுகத்தில் ஆர்பர் டாக்டர் அறையில் இருந்த அத்தனை பேரும் வந்து நின்றுவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையில் நீ. உன் பெண்டாட்டி சரோஜா. நான். கையில் தூக்குப் போணியோடு அம்மா. வாசல்படியில், அந்த டாக்டருக்குப் பியூனாக இருந்த என் வூட்டுக்காரர்.

நம் குப்பத்தில் கட்டுமரக்காரன் பிள்ளை பைலட் ஆனது நீ ஒருத்தன்தான். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் நூலேணி பிடித்து ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவாய். அதற்கு வருஷாவருஷம் டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். அந்த வருஷம் உனக்கு டி.பி. வந்தது. லீவு போட்டுவிட்டுத் தண்டையார்பேட்டையில் வேறொரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டாய். காதை மந்தமாக்கும் ஊசி என்று பயமுறுத்தினார்கள். உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆர்பர் டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் காகிதத்தை நிரப்ப உட்கார்ந்தாய். என்னென்ன மருந்து எடுத்தாய் என்று ஒரு கேள்வி.

"இல்லன்னு எழுது மச்சான்" என்றார் என் வூட்டுக்காரர். "டி.பி.ன்னு தெரிஞ்சா உன்னோட போவாது. ஒரே வூட்ல கீறோம். என்னையும் டாக்டர் ரூமாண்ட சேக்க மாட்டாங்க."

"பொய்யாச்சே மாமா."

"இன்னா பெரிய பொய்யி. ஒடம்புதான் தேறிடுச்சில்ல?"

எழுதிவிட்டாய். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

பிழைத்தவன் வீட்டில் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றினால், வைத்தியம் பார்த்தவருக்கும் அதில் ஒரு குவளை போக வேண்டும். அது நம் வழக்கம். அம்மாவுக்கோ எல்லா டாக்டரும் ஒரே டாக்டர். அவர் உன் கண்ணையும் காதையும் பார்த்து முடித்துப் பேனாவைத் திறந்ததும் போணியை நீட்டினாள்.

"அத்தினி ஊசி போட்டு எம்புள்ளயக் காப்பாத்தினீங்க சாமி. ஆத்தா கூழு. ஒரு வாய் குடிங்க."

என்ன ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டர் பேனாவை மூடினார். "எழுதியிருந்தா ஆறு வாரம் பொறுத்து, காதை இன்னொரு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். மருந்தை மறைக்கிறவனை நம்பிக் கப்பலை எப்படி விடறது? யார் சொல்லிக் குடுத்தது?"

நீ வாசல்படியை ஒருதரம் பார்த்தாய். "யாரும் இல்ல சார். நானேதான்."

 என் வூட்டுக்காரர் உள்ளே வந்து அம்மா கையிலிருந்து போணியை வாங்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தார்.

பைலட் வேலை போய், அப்புறம் சாகிறவரைக்கும் நீ துறைமுக ஷெட்டில் மூட்டை எண்ணிக் கோடு போட்டாய். தன் வாயால்தான் நீ கெட்டாய் என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். நீயோ என்னிடம், "வுடுக்கா, மாமாவுக்கும் புள்ளகுட்டி கீது" என்றாய்.

நீ விட்டாய். நான் விடவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், கடைசியில் படுக்கையிலும் துடைத்துவிட்டேன். "இன்னும் அதயே நெனச்சிகினு கீறியா?" என்று ஒருநாள் கேட்டார். "ரசம் ஊத்தவா?" என்றேன்.

புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தாள் அம்மா. இத்தனை வருஷம் சொன்னதில்லை. நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான், தம்பி. உனக்காக எழுதுகிறேன்: கோதண்டம்.