அம்மைக்கு உள்ள மரம்

கர்க்கடகம் 9, வியாழன்
விடியும்போதே ஆடி மழை. துணி ஒண்ணும் காயல்லை. மாமரக் கொப்பு கரண்டு கம்பியிலே முட்டுது, தங்கப்பனைக் கூப்பிட்டு வெட்டியாச்சு. ரெண்டு கொப்புதான்.

இந்த வீட்டிலே ஆள் செத்தாத்தான் மாமரத்தில் கோடாலி விழும், சிதைக்கு. கிழக்கே நிண்ணது பெரியண்ணனுக்குப் போச்சு. கிணற்றடி மரம் தம்பிக்கு. ரெண்டும் அம்மை கண்ணு முன்னாலே எரிஞ்சது. மிச்சம் இது ஒண்ணு, அம்மைக்கு.

அம்மைக்கு இப்போ கண் போச்சு, காது தெளிவு. வெட்டுச் சத்தம் கேட்டு, "எனக்காக்குமா மக்கா?" அந்த முகத்திலே சிரிப்பு கண்டு எவ்வளவு காலம். தலை சீவிவிடச் சொன்னா. சீப்பு எடுத்துட்டுத் திரும்பினா, சாப்பாடு போற மூக்கு டியூபு அவ கையிலே. பிடுங்கியாச்சு.

10, வெள்ளி
வெயில். நர்ஸ் நாளைக்குத்தான். கரண்டியிலே கஞ்சித்தண்ணி கொடுத்தேன், துப்புறா.

பேத்தி போன், பெங்களூரிலே இருந்து. ஆராய்ச்சிக்காரியாக்கும். புழுவுக்கு ஆயுசை இரட்டி ஆக்கியிருக்கா. நான் அஞ்சாம் கிளாஸ், என் பேத்தி சாவுக்கு மருந்து தேடுறா. ரேஷன் கடையிலே எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

"டியூபைப் போடச் சொல்லுங்க பாட்டி. பட்டினி போடவா?"

"அந்தப் புழு கடைசி வரை ஓடுமா மக்கா?"

"இல்லே பாட்டி. ரொம்ப நாள் அசையாம கெடந்துதான் சாகும். அதை மாத்தத்தான் பார்க்கோம்." அழுதா, பாவம்.

பொய் எதுக்கு, எனக்கும் ஆசை உண்டு. இவளுக்கு ஒரு கொச்சு பிறந்து பார்க்கணும். ஆனா சாகாமலே இருந்தா? இவ சிதையையும் நான் நிண்ணு பார்க்கணும். அம்மை பார்த்தது போல. வேண்டாம் ஈஸ்வரா.

அரிசி தீர்ந்தது. வாங்கணும்.

11, சனி
சாரல். பஞ்சாயத்து நர்ஸ் புது டியூபோடு வந்தா. அம்மை மூக்கைப் பொத்திட்டா.

"மரத்திலே கோடாலி விழுந்தாச்சு, பின்னே எதுக்குடீ இது?" கொஞ்சம் கழிச்சு என்னிடம், "வெட்டுச் சத்தம் ஏன் நிண்ணு போச்சு? மனசு மாறிட்டியா?"

நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டா. "கையைப் பிடிச்சுக் கட்டித்தான் போட முடியும். போடாட்டா கொஞ்ச நாள்தான். நீங்கதான் சொல்லணும் அம்மா."

வேண்டாம்ணு சொன்னேன். என் வாயாலே.

தங்கப்பனுக்குப் போன். மாமரத்தை அடிமூட்டோடு வெட்டணும்ணு மட்டும் சொன்னேன். ஓடி வந்தான். முற்றத்திலே செருப்பைக் கழத்தி, தோள் துண்டை இடுப்பிலே கட்டிட்டு மெதுவாக் கேக்கான்: "எப்போ போச்சு?"

"போகல்லை. அம்மைக்குக் கேக்கணும். ஓங்கி வெட்டு."