ஆறு வயது கூட்டிப் போட்டது

14-7-2003
இன்றும் வாய்தா. ஜட்ஜ் லீவாம். காலை ஒன்பதுக்கே சித்தூர் கோர்ட்டில் போய்க் குந்தியதற்கு மூன்று மணிக்கு ஒரே வார்த்தை: செப்டம்பர். டவாலி தெலுங்கில் கத்துகிறான், "மூடோ முத்தாயி பத்மினி!" மூன்றாம் குற்றவாளி நான்தான். முதல் ஆள் திருப்பதி ஏஜெண்ட் பச்சையப்பன். இரண்டாவது சுந்தரம்மா, அவள் குவைத்தில் எவர் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள். கால் விட்டுப்போகிறது.

15-7-2003
அப்படி என்ன செய்துவிட்டேன்?

முப்பது வயதாகாத பெண்ணை குவைத்துக்கு வீட்டு வேலைக்கு விடமாட்டார்கள். சுந்தரம்மாவுக்கு அப்போது இருபத்துநாலு. புருஷன் ஓடிவிட்டான், கையில் எட்டு வயசுப் பெண். "ஆறே ஆறு வயசு கூட்டிப் போடு பத்மி, உன் கை தேஞ்சா பூடும்?" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான்தான் கிளார்க். சான்றிதழில் 1977க்குப் பதில் 1971 என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை.

சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்த மட்டும் மனசு வரவில்லை. அதில் இருப்பது நைனாவின் கையெழுத்து. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். அவர் செத்துத்தான், மகள் என்று இந்த வேலை எனக்கு வந்தது. ஏஜெண்ட் மாட்டியதும் போலீஸ் சான்றிதழையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவ்வளவுதான், சஸ்பெண்ட். வக்கீல் உமாபதி சிரிக்கிறார்: "தப்பக்கூட முழுசா செய்யத் தெரியலையேம்மா."

என் சான்றிதழ்படி பார்த்தால், சுந்தரம்மா பதினொரு வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்பு படித்திருக்கிறாள். கர்மம்!

2-9-2003
உமாபதி வழி சொன்னார். சுந்தரம்மா போலிப் பிறப்புச் சான்று கொண்டுவந்தாள், நம்பி எழுதினேன் என்று சொல்லவேண்டுமாம். "அவதான் ஊர்லயே இல்லியே. அவ மேல போடு." வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு வாரத்துக்கு ஒருநாள் வருகிற மனுஷன், வந்ததும் இதே பேச்சு.

7-9-2003
எதிர்வீட்டுக்கு குவைத்திலிருந்து சுந்தரம்மா போன் செய்தாள். வக்கீல் சொன்ன வழியைச் சொன்னேன். உன் வேலை போய்விடுமா என்று கேட்டாள். அப்புறம், "எம்மேலயே போடு பத்மி. நான் இப்ப எங்க வரப்போறேன்."

11-11-2003
போட்டேன்.

19-1-2004
விடுதலை. ஏஜெண்டுக்கு மூன்று வருஷம். சுந்தரம்மா கேஸைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள், ஆள் கிடைக்கும்போது நடக்குமாம். வீட்டுக்காரர் அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

1-3-2004
மறுபடி என் நாற்காலி. சுந்தரம்மா போன் செய்தாள். "கேஸ் முடிஞ்சிடுச்சி" என்றேன். எனக்குத்தான் முடிந்தது, உனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

8-5-2005
சொல்லவே இல்லை. மகளுக்குச் சடங்கு என்று வந்திறங்கியவளை மெட்ராஸ் ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிட்டார்கள். ஐயோ, நான் என்ன பொம்பளை!

16-5-2005
சப்ஜெயிலில் பார்த்தேன். முடி பாதி நரைத்திருக்கிறது. நான் அழுததும் எரிந்து விழுந்தாள்: "எம்மேல போடுன்னு நான்தாண்டி சொன்னேன். அதுக்கு ஒண்ணும் இல்ல. முடிஞ்சிடுச்சின்னு ஏன் சொன்ன? உன்ன நம்பித்தானே டிக்கெட் எடுத்தேன்!"

3-8-2005
சம்மன் வந்திருக்கிறது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு சாட்சி சொல்ல வரவேண்டுமாம். யாருக்கு எதிராக? சுந்தரம்மாவுக்கு எதிராக.

உமாபதியைக் கேட்டேன். நிஜத்தைச் சொன்னால்? "போலிச் சான்று குடுத்த பெரிய குத்தம் அவ மேலருந்து போவும். விடுதலையான கேஸ்ல உன்ன மறுபடி ஏத்தமாட்டாங்க. ஆனா வேலை போச்சி, யோசிச்சிக்க." வீட்டுக்காரர் சத்தம் போட்டார்: "நீ ஒருத்தி நல்லவளாயி இன்னா கிழிக்கப் போற?"

எனக்கும் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது.

22-8-2005
பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கூண்டில் ஏறினேன். நைனா எழுதியதுதான் சரி என்றேன். அவள் எந்தச் சான்றும் கொண்டுவரவில்லை, தெரிந்தேதான் மாற்றி எழுதினேன், போன தடவை சொன்னது பொய் என்றேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சுந்தரம்மா தரையையே பார்த்துக்கினு நின்றாள்.

30-9-2005
பொய் வயதில் போனதற்கு, ஜெயிலில் இருந்த நாளே தண்டனை என்று தீர்ப்பு. அவள் வெளியே வந்துவிட்டாள். தீர்ப்பு நகலில் வயது முப்பத்துநாலு என்று போட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து.

12-12-2005
வேலை நீக்க உத்தரவு. ஒரே பக்கம்.

6-3-2006
நூறு நாள் வேலைக்கு அட்டை போடுகிறார்கள். பஞ்சாயத்து ஆபீசில் ஏகக் கூட்டம். சுந்தரம்மா வந்து பக்கத்தில் குந்தினாள். வெளியே வந்ததிலிருந்து பேசாதவள், ஃபாரத்தை என் முன்னால் தள்ளினாள். "நீயே எழுது." வயது வந்த இடத்தில் என் பேனா நின்றது. "நெஜத்தயே போடு," என்றாள். இருபத்தொன்பது என்று எழுதி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

பிறகு இன்னொரு ஃபாரம் வாங்கி என் பெயரை எழுதினேன். அதே வயது.