பொட்டை மறந்த கேமரா

என் நகத்தில் இன்னும் சந்தன மஞ்சள் இருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மோந்து பார்த்தேன். உடனே உன் ஞாபகம். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கம்பெனியில் ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டியதும் உன் கேமரா எல்லா மூடியையும் வெளியே தள்ள ஆரம்பித்தது. ஒரு குறையும் இல்லாத பாட்டில் மூடிகள் சரசரவென்று கழிவுத் தொட்டியில் விழுந்தன. மூடி ஓடும் பெல்ட்டின் ஓரத் தகட்டில் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கேமரா அதையும் சேர்த்துப் பார்த்து, கறை என்று முடிவு கட்டிவிட்டது. மேனேஜர் வந்து நின்றார். இப்படியே போனால் கேமராவைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆளை நிறுத்தவேண்டியதுதான் என்றார்.

பழையபடி என்றால் நீ நின்ற இடம். ஒரே காலேஜில்தான் மெக்கானிக்கல் சேர்ந்தோம். நான் பாதியில் ஓடிவந்தேன், நீ முடித்தாய். முடித்தும் கிடைத்தது மேஜை முன்னால் நின்று கெட்ட மூடியைப் பொறுக்கும் வேலை. கண் எரிகிறது என்பாய். தவளக்குப்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் செல்போனில் பாடம் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றாய். உன் பழைய செல்போனைக் கம்பியில் கட்டி பெல்ட்டுக்கு மேலே தொங்கவிட்டு, எது நல்ல மூடி, எது கெட்ட மூடி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாய். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் நிஜக் கேமரா வாங்கினார். நீ ஏஐ இன்ஜினியர் ஆனாய். உப்பளம் ஏரியாவில் வெட்டியாகச் சுற்றிய என்னை, மூடிப் படங்களுக்கு நல்லது, கறை என்று குறி போடக் கூப்பிட்டாய்.

"டிகிரி இல்லாம இன்னாடி வேல குடுப்பாங்க?"

"கண்ணு இருக்குதில்ல? வா."

அந்த வருஷ பூஜையிலும் இதே கூத்து. பொட்டைத் துடைக்க நான் துணியை எடுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"அழிக்காதடி. இவங்க வருஷா வருஷம் வெப்பாங்க. கேமராதான் கத்துக்கணும்."

நீ ஒவ்வொரு மூடியாகப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய், நான் படம் எடுத்தேன். அப்புறம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறி போட்டோம். நீ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவாய்: நல்லது, நல்லது, கறை, நல்லது. கோயிலில் அர்ச்சனை செய்கிற மாதிரி இருக்கிறது என்று கிண்டலடிப்பேன்.

காய்ச்சல் என்று லீவு போட்டாய். பிறகு பெரியாஸ்பத்திரி. பிறகு நீ இல்லை. உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பொட்டுப் படங்களில் உன் கை இருந்தது. ஓரத்தில் ஆள்காட்டி விரல், பாதி உரிந்த நீல நெயில் பாலிஷ். கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கும். ஒருநாள் மொத்தத்தையும் அழித்தேன். இடம் பத்தவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். இடம் நிறையவே இருந்தது. பொட்டு இல்லாத மிச்சப் படங்களை வைத்துக் கேமராவுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுத்தேன். அதற்குப் பொட்டு மறந்துபோனது. மறக்கடித்தது நான்.

நேற்றும் துணியைத்தான் முதலில் எடுத்தேன். ஒரு துடை துடைத்தால் யாருக்கும் தெரியாது.

"அந்தப் பொண்ணு கத்துக் குடுத்தப்புறம் இது இப்பிடி தள்ளலியேம்மா?" என்றார் பேக்கிங் அண்ணன். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

துணியை அங்கேயே போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன். "எடம் பத்தாம அழிக்கல சார். அவ கைய பாக்க முடியல. அதான் அழிச்சேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் டைம் தருவதாகச் சொன்னார்.

பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்துக் குழைத்தேன். அடுத்த வருஷம் வேறு இடத்தில் வைப்பார்களே என்று, தகடு முழுக்க இங்கேயும் அங்கேயும் பொட்டு வைத்தேன். மூடியையும் நானே வைத்து, படத்தையும் நானே எடுத்தேன். இருட்டுவதற்குள் கேமரா மூடிகளை ஒழுங்காக விட ஆரம்பித்தது. கழற்றவில்லை. ஆனால் உன் கை இருந்த படங்கள் போனது போனதுதான். எத்தனை எடுத்தாலும் அவை திரும்ப வராது.

புதுப் படங்களின் ஓரத்தில் என் விரல் இருக்கிறது. வெட்டவில்லை, அப்படியே விட்டேன். குறி போடும்போது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இருந்தாலும் வாய்விட்டுத்தான் சொன்னேன்.

நல்லது, நல்லது, கறை, நல்லது.