நான் மறைத்த இடது ஓரம்

அத்தை,

பழைய சாமான்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கம்ப்யூட்டரையும் போட்டுவிடலாம் என்று உங்கள் பெரிய மகன் சொல்லிவிட்டார். உள்ளே படம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று, இன்று மதியம் குட்டியைத் தூங்கப்போட்டுவிட்டு, உங்கள் சுங்குடிச் சேலையில் தைத்த உறையை நீக்கினேன். கடைசி ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனம் பெட்டியின் மேல் காய்ந்து உரிந்திருந்தது. பொத்தானை அமுக்கியதும் தூசி சூடாகும் அந்த வாசனை. "என்னம்மா இது, அடுப்புல எதையோ வச்சு மறந்த மாதிரி மணக்குது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கான காரணம் எனக்கு இன்று மதியம்தான் கிடைத்தது.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். நீங்கள் என் அருகில் வந்து, "சின்னவனுக்கு ஒரு கடிதாசி போடணும். இதுல போடலாமாமே?" என்று கேட்டீர்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே, தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டார் என்று மாமா வெளியே அனுப்பிய மகன். அவர் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது. அவர் துணிமணியெல்லாம் போனபோதும், அவர் கல்லூரியில் படித்த இந்தக் கம்ப்யூட்டரை மட்டும் நீங்கள் விடவில்லை. அவருடைய பழைய நோட்டின் பின்னட்டையில் ஒரு மெயில் முகவரி இருந்தது. நமக்கு அது போதுமாக இருந்தது.

உங்களுக்கென்று ஒரு மெயில் கணக்கு தொடங்க வேண்டும். எல்லோரும் வைத்திருக்கும் ஒன்றைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, அதோடு சரி. இந்த மிஷினுக்கு அது தாங்கவில்லை. அடுத்தது போன் நம்பர் கேட்டது. உங்கள் பட்டன் போனுக்கு மெசேஜ் வந்தால் மாமாதான் எடுத்துப் படிப்பார். மூன்றாவதில் பக்கம் முழுக்க ஒரு பெண் சிரிக்கும் விளம்பரம், தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக நின்றன. "இவ யாரு, இப்படிப் பல்லைக் காட்டுறா? நான் என் புள்ளைக்கு எழுத வந்திருக்கேன்" என்றீர்கள். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம்.

நான்காவது, பெயர் தெரியாத ஒரு இலவச சேவை. போன் நம்பர் கேட்கவில்லை. எளிய பக்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அது உடனே திறந்தது. ஒரு வருடம் யாரும் திறக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தது. "ஒரு வருஷமா? அதுக்குள்ள அவனே வந்துடுவான், பாரு" என்றீர்கள்.

எழுத்து சிறியதாக இருந்ததால் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் பக்கம் திரையில் அடங்கவில்லை. இடது ஓரத்தில் நீளமாக இருந்த பட்டியலை ஒரு சொடுக்கில் மறைத்தேன்.

"இந்தப் பக்கம் என்னவோ இருந்துச்சேம்மா?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அத்தை? வந்த கடிதம் மட்டும் தெரிஞ்சா போதும்."

அப்புறம் ஒரு வருடம், வாரத்துக்கு ஒன்று, நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "பூரிக்கு உருளைக்கிழங்கு வச்சேன்னு போடு." "அண்ணிக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு போடு." நான் தட்டாமல் நிறுத்தினால், "அதையும் போடு, அவன் கேப்பான்" என்பீர்கள். அனுப்பிய பிறகு வந்த கடிதங்களைப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது. "வேலையா இருப்பான்" என்று உறையைப் போட்டு மூடுவீர்கள். அவர் மீது எனக்கு வந்த கோபம் உங்களுக்கு ஒருநாளும் வரவில்லை.

மார்கழியில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் உங்கள் மூக்கில் குழாய் வைத்த அன்று, என் கையைப் பிடித்து "பாத்தியா?" என்றீர்கள். எதை என்று எனக்குத் தெரியும். காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "பாத்தேன் அத்தை. எதுவும் வரலை" என்றேன். தலையை ஆட்டினீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

அன்று யாரோ சொல்லி உங்கள் சின்ன மகன் வந்தார். மாமா உள்ளே விடவில்லை. தெருமுனையில் நின்றவர், தண்ணீர்க் குடத்தோடு போன என்னிடம், "அண்ணி, அம்மா கடைசில ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். ஒரு வரி எழுதாத மனிதருக்கு இப்போது என்ன கேள்வி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று, கணக்கு மூடப்படுவதற்குள் நம் கடிதங்களை ஒரு முறை பார்க்கலாம் என்று தோன்றியது. திறந்தேன். எனக்குப் பெரிய எழுத்து தேவையில்லை என்று சிறிதாக்கி, இடது ஓரத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். வேண்டாத கடிதங்கள் என்று அந்த மெயிலே ஒதுக்கிவைக்கும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் முப்பத்தோரு கடிதங்கள் என்று காட்டியது.

லாட்டரி, கடன் விளம்பரங்களுக்கு நடுவே அவர் கடிதங்கள், அத்தை. பழைய முகவரிக்கு நாம் போட்டதைப் படித்துவிட்டு, பதிலை வேறு ஒரு புது முகவரியிலிருந்து எழுதியிருக்கிறார். அந்த முகவரியை நம் கணக்குக்குத் தெரியாது.

"அம்மா, பொண்ணு பொறந்திருக்கா. உன் மூக்கு." இது முதல் கடிதம். அப்புறம், "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம பூரி, கிழங்குன்னு எழுதுறியே, கோபமா?" அப்புறம், "வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்கு வர்ற நேரம், பத்து மணிக்கு, திருமயிலை ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர்கிட்ட நிக்கிறேன். பாப்பாவும் வருவா." அதற்கு அடுத்தது, "பன்னிரண்டு வரைக்கும் நின்னோம்மா. பாப்பா தோள்லயே தூங்கிட்டா." மூன்று வெள்ளிக்கிழமை நின்றிருக்கிறார். அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி, நீங்கள் பூக்காரம்மாவிடம் முழம் குறைகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கடைசிக் கடிதம்: "இனிமே கேக்கல. நீ எழுதிக்கிட்டே இரு, நான் படிக்கிறேன்."

குட்டி எழுந்து அழுதது கூட முதலில் எனக்குக் கேட்கவில்லை. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். இவன் ஒருநாள் என்னை விட்டு எங்கோ இருப்பான், எனக்கு எழுதுவான், யாரோ ஒருத்தி நல்லது என்று நினைத்து எதையோ மறைத்துவைப்பாள்.

அவருக்கு மெயில் போடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் கணக்கிலிருந்து போனால் அவருக்கு எப்படி இருக்கும்? என் கணக்கிலிருந்து போட்டால், அவரிடமும் ஒதுக்கும் பெட்டி இருக்குமே. வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும் தெரு, இரண்டாவது மாடி என்று ஒரு கடிதத்தில் வீட்டுக்கு வழி எழுதியிருக்கிறார், நீங்கள் வருவீர்கள் என்று. பறக்கும் ரயிலில் அரை மணி நேரம். நாளை வெள்ளிக்கிழமை. குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அம்மா உங்க கடிதம் ஒண்ணையும் படிக்கலை, நான்தான் அதை மறைச்சேன் என்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் போட மாட்டேன் என்று மட்டும் இவரிடம் சொல்லிவிட்டேன்.

ரயில் ஏறுவதற்கு முன், டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு.

பாத்துட்டேன் அத்தை. வந்திருக்கு.