நோன்புக் கை

ராத்தா,

இன்று காலை உங்கள் தலையணை பிரிந்துவிட்டது. நாடி பார்க்கும்போது வருபவர்கள் கை வைப்பதற்காக நீங்கள் தைத்த அந்தச் சின்னப் பச்சைத் தலையணை. கிளினிக்குக்கு வந்த ஒருவர் கையை வெடுக்கென்று இழுத்தார். ஓரத் தையல் விட்டு, உள்ளே இருந்த அரிசி மேசையிலும் நிலத்திலும் கொட்டியது. குனிந்து பொறுக்கும்போது உறையாகத் தைத்த உங்கள் பழைய ஸ்கார்ஃப் துணியில் மூலிகைப் புகை மணந்தது. அவர் ஏன் கையை இழுத்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மல்வேர்னில் உள்ள இந்தக் கிளினிக்குக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் என் தொண்டை அடைத்துவிடும். ஆட்களோடு பேசத் தேவையில்லாத வேலை வேண்டும் என்று கேட்டேன். துவாய் மடிக்கத் தந்தார்கள். சீன வைத்தியத்தைக் கல்லூரியில் படித்துக்கொண்டே இங்கே பயிற்சிக்கு வந்த நீங்கள், முதல் நாளே என் முன்னால் வந்து நின்றீர்கள்.

“பேர் என்ன, புள்ள? இல்லாட்டி எழுதித்தான் காட்டப் போறியோ?”

நான் உண்மையிலேயே பேனையைத் தேடினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உங்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள் என்று சொல்லி, நானும் அப்படியே கூப்பிட வேண்டும் என்றீர்கள். சத்தமாக.

நாங்கள் டொக்டர் என்று கூப்பிடும் சீன வைத்தியப் பெண்மணி இன்னும் அப்படியேதான் இருக்கிறார். முழங்கால் நோவென்று வருபவரிடம் நித்திரை எப்படி, என்ன சாப்பிடுகிறார், வீட்டில் யாரோடு கோபம் என்று அரை மணித்தியாலம் கேட்பார். “முழங்கால் தனியாகப் பஸ் ஏறி வரவில்லையே” என்பார் ஆங்கிலத்தில். பிறகு நீங்கள் பழக்கிய தமிழில், “நாக்கை நீட்டுங்கோ” என்பார். “என்ர மனுசி நெடுக நீட்டுறா, அவவைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?” என்று ஒரு ஐயா கேட்டதை நீங்கள் மொழிபெயர்த்தபோது, டொக்டர் அக்குபங்சர் ஊசிப் பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் காலை வழக்கத்தில் சிரிப்பில்லை. கதவு திறக்கும் முன் மூவரும் மேசையைச் சுற்றி இருப்போம். ஒருவர் மணிக்கட்டில் மற்றவர் மூன்று விரல் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு விரல் கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதிக் காட்ட அனுமதியில்லை. “விரல் கண்டதைச் சொல். காரணத்தைச் சொல்லாதே. காரணம் தேடுவது என் வேலை” என்பார் டொக்டர். ஊசியைத் தொட எனக்கு உரிமை இல்லை. நாடி மட்டும் பழகினேன். “மெல்லிசு”, “வேகம்” என்று ஒரு சொல் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். நீங்கள் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டுவீர்கள்.

அந்த நோன்பு மாதத்தில் டொக்டர் ஒரு வாரம் தன் தங்கையிடம் வான்கூவருக்குப் போனார். மருந்துப் பொட்டலம் வாங்க வருபவர்களுக்காக நாங்கள் இருவரும் திறந்துவைத்தோம். காலை வழக்கத்தையும் விடவில்லை. நோன்பு பிடிக்கிறவர்களின் நாடி மெலிந்து ஓடும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை உங்கள் கை அப்படித்தான் இருந்தது. புதன்கிழமை மெலிவு மட்டும் இல்லை. மூன்று துடிப்பு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அவசரமாக இரண்டு. என் விரல்தான் பிழை என்று நினைத்து எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் அதேதான்.

“ராத்தா, இடையில ஒண்டு விடுபடுது.”

“விடியச் சஹர் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரீச்சம்பழந்தான் சாப்பிட்டனான். இது நோன்புக் கை, புள்ள. பயப்பிடாதை.”

“டொக்டருக்குச் சொல்லுவமோ?”

“அந்த மனுசி தங்கச்சியோட ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வாறன், அதுக்குப் பிறகு பிடிச்சுப் பார். குதிரை மாதிரி ஓடும்.”

வியாழக்கிழமையும் விடுபட்டது. அன்று நீங்கள் படியேறி வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அதற்கும் நோன்பைத்தான் நினைத்தேன். மத்தியானம் டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். நீங்கள் பின்னறையில் தொழுதுகொண்டிருந்ததால் நானே எடுத்தேன்.

“காலையில் கை பிடித்தீர்களா? என்ன கண்டாய்?”

சொல் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள்தான் காரணம் தந்துவிட்டீர்களே, நான் ஏன் பெரிதாக்க வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன்.

“மெல்லிசு. நோன்பு,” என்றேன்.

“சரி,” என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் மோர்னிங்சைட் பஸ்ஸில், நோன்பு திறக்க வீட்டுக்குப் போகும் வழியில், நீங்கள் இருக்கையிலேயே சாய்ந்துவிட்டீர்கள். ஆம்புலன்ஸ் வந்தது. இதயத்துடிப்பின் ஒழுங்கு முன்பே குழம்பியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சனிக்கிழமை உங்கள் உம்மா கிளினிக்குக்கு அழைத்தார். “மகள், உன்ட ராத்தா மௌத்தாகிட்டா” என்றார். உங்கள் இறப்பை நான் கிளினிக் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

டொக்டர் திரும்பி வந்த அன்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். உன் பிழை இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. உங்கள் கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தார்.

“நீ சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அது தெரியும். நோன்பு என்று நீ சொன்னதும் நானும் மேலே கேட்கவில்லை. அதுவும் தெரியும்.”

பிறகு தன் கையை உங்கள் தலையணையில் வைத்து, “பிடி” என்றார். மூன்று விரல் வைத்தேன். ஒரு நிமிடம் ஒரு நாள் போல இருந்தது. “வேகம்” என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாளும் பிடிக்கச் சொன்னார். அதற்கு மறுநாளும்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். மிசிசாகாவில் விமான நிலைய வேலை செய்யும் ஒரு அங்கிள், தோள் நோவென்று வந்தார். டொக்டர் உள்ளே இன்னொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நாடியின் எண்ணிக்கையைக் குறித்துவைப்பது இப்போது என் வேலை. கை வைத்தேன். நான்கு துடிப்பு, ஒரு வெற்றிடம். ராத்தா, விரலை எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் அதேதான்.

“அங்கிள், உங்கட நாடியில ஒண்டு விடுபடுது.”

“அது பஸ்ஸுக்கு ஓடி வந்தனான், பிள்ளை. கோப்பியும் ரெண்டு குடிச்சிட்டன். நீ தோளைப் பார்க்கச் சொல்லு.”

நல்ல காரணம். பேரீச்சம்பழத்தைப் போலவே நல்ல காரணம். வாங்கி வைத்துக்கொண்டால் என் தொண்டைக்கு எவ்வளவு சுகம்!

“காரணம் எனக்கு வேண்டாம் அங்கிள்,” என்றேன். “இப்ப டொக்டரைக் கூப்பிடப் போறன்.”

“உனக்கென்ன விசரோ? எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட்!” என்று அவர் கையை இழுத்தபோதுதான் அரிசி கொட்டியது. நான் கத்தினேன். டொக்டரின் பெயர் சொல்லி, பின்னறை வரைக்கும் கேட்கக் கத்தினேன். டொக்டர் ஓடி வந்து கையைப் பிடித்தார். காரணம் கேட்கவில்லை, ஊசியும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்றார். அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். போகும்போது என்னை முறைத்துவிட்டுத்தான் போனார். அங்கே என்ன சொன்னார்கள் என்று இன்னும் தெரியாது. ஒருவேளை வெறும் கோப்பியாகவும் இருக்கலாம்.

தலையணையைத் திரும்பத் தைத்துவிட்டேன். என் தையல் கோணல்தான், நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். நாளைக்கும் கதவு திறக்கும் முன் அதன் மேல் ஒரு கை இருக்கும். மூன்று துடிப்புக்குப் பிறகு வந்த அந்த வெற்றிடம் என் நடுவிரலில் இன்னும் இருக்கிறது, ராத்தா. யாருடைய கையைப் பிடித்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். இருந்தால் சொல்லிவிடுகிறேன். சத்தமாக.