ஒரே உயரத்தில் கட்டிய வீடுகள்

11 பிப்ரவரி 2024

தெருவுக்கு மறுபடியும் தார் போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. எண்பத்தேழில் நாங்களும் பக்கத்து வீட்டு ஷீலாவும் ஒரே மேஸ்திரியை வைத்துச் சிட்லபாக்கத்தில் வீடு கட்டியபோது, தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்றுதான் ஏரியோரம் மனை வாங்கினோம். இப்போது தண்ணீர் ஹாலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

2 மார்ச்

ஜாக்கி வைத்து வீட்டை நாலடி தூக்குவது என்று இவர் முடிவு செய்துவிட்டார். "ஊரே உசத்திண்டாச்சு. நாம மட்டும் வருஷா வருஷம் தண்ணிய எறைச்சுண்டு இருக்கணுமா?" என்கிறார்.

ஷீலாவால் முடியாது. அவள் கணவர் சாலமனின் பைபாஸ் ஆபரேஷனோடு அவர்கள் சேமிப்பு தீர்ந்தது.

20 ஏப்ரல்

வீடு ஜாக்கியில் நிற்கிறது. நாங்கள் ஷீலா வீட்டில். சைவக்காரர்கள் நாங்கள் வந்த நாற்பது நாளாக இங்கே மீன் வாசனையே இல்லை. கேட்டால், "சாலமனுக்கு டாக்டர் வேணாம்னுட்டார்" என்கிறாள். எந்த டாக்டர் மீனை வேண்டாம் என்பார்?

26 மே

வீடு திரும்பினோம். இடிபாடு கொட்டி வாசலையும் மேடாக்கியாயிற்று. ஷீலா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் எனக்கு இப்போது முழங்கால் உயரம்தான். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

1 டிசம்பர்

புயல் மழை. எங்களுக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நடுச்சுவர் சாய்ந்து, எங்கள் மேட்டுத் தண்ணீர் முழுக்க ஷீலா வீட்டுக்குள் — இடுப்பளவு. இரண்டு பேரையும் கைபிடித்து இங்கே கூட்டி வந்தோம். படியேறும்போது, "பரவால்ல பட்டு, உங்க வீடாவது தப்பிச்சுது" என்றாள்.

ஏண்டி, என்னைத் திட்டியிருக்கலாமே. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

8 பிப்ரவரி 2025

விற்றுவிட்டார்கள். பள்ளிக்கரணையில் மகன் ஜெபினின் ஃபிளாட்டுக்குப் போகிறார்கள். நாலாவது மாடி.

14 ஆகஸ்ட்

ஷீலா வீட்டை இடித்தார்கள். ஒரே நாள்தான் பிடித்தது.

22 அக்டோபர்

காலையிலிருந்து மழை. ஷீலா போன் செய்தாள். எட்டு மாதமாக நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை — எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா, பட்டு?"

வரவில்லை என்று சொல்ல முடியவில்லை. "முழங்கால் வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

"அய்யய்யோ. அங்க இருக்காதீங்க. ஜெபின கார் எடுத்துட்டு வரச் சொல்றேன். ரூம் ஒழிச்சு வெக்கறேன்."

வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, ரூமை ஒழித்துக்கொண்டிருப்பாள். நான் காய்ந்த தரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெபின் வந்துகொண்டிருக்கிறான்.