சுவருக்கு மறுபுறம் இருந்த நாற்பத்தேழு நாட்களை வருகையாகச் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை
(மாணவியின் அத்தை)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: நான்காம் வகுப்பு மாணவியின் வருகைப் பதிவைத் திருத்தி, ஆண்டுத் தேர்வு எழுத அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நான் இங்கு வருவது மூன்றாவது முறை. தேர்வுப் பட்டியல் வெள்ளிக்கிழமை மதியம் முடிகிறது என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

1. என் தம்பி மகளுக்குப் பேச்சும் புரிதலும் மெதுவாக வரும். வாரம் இரண்டு நாள் சிறப்பு ஆசிரியை வருகிறார். வகுப்பை ஒட்டிய விளையாட்டுச் சாமான் அறை முதல் பாடவேளையில்தான் காலியாக இருக்கும். ஆகவே பாடம் அங்கே, அந்த நேரத்தில்.

2. அதே பாடவேளையில்தான் வகுப்பில் பெயர் கூப்பிடுகிறார்கள். அப்போது இல்லாத பிள்ளைக்கு அன்று முழுவதும் 'வரவில்லை'. இப்படி நாற்பத்தேழு நாள். இது போக, காய்ச்சலில் படுத்து உண்மையிலேயே வராதது நான்கே நாள். வருகை போதாது, தேர்வு எழுத முடியாது என்று கடிதம் வந்திருக்கிறது.

3. வகுப்பாசிரியை கெட்டவர் அல்லர். "கண் முன்னால இல்லாத பிள்ளைய இருக்குன்னு எப்படிக்கா எழுதுறது?" என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் பணியில் இருந்தபோது பல் பரிசோதனைக்குப் பிள்ளைகளை வரிசையாக அனுப்பியிருக்கிறேன். மருத்துவர் முன் வாயைத் திறந்து நின்றவர்களுக்கு 'வரவில்லை' போட்டதில்லை.

4. பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுக்கச் சிறப்பு ஆசிரியைக்கு நான்கு மாதம் பிடித்தது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று உரக்கச் சொல்கிறாள். வகுப்பு சிரிக்கிறது. பதிவேட்டில் மாற்றமில்லை.

5. சிறப்பு ஆசிரியையின் நாட்குறிப்பில் நாற்பத்தேழு தேதிகளும் கையொப்பத்துடன் உள்ளன. நகல் இணைத்துள்ளேன்.

ஆகவே அந்த நாட்களை வருகையாகச் சேர்த்து, அவளைத் தேர்வு எழுத அனுமதிக்கவும், இனி அந்த உதவியை வகுப்புக்குள்ளேயே, அவள் பெஞ்சிலேயே கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவியால்தானே வருகை போயிற்று என்று, சிறப்பு வகுப்பே வேண்டாமென என் தம்பி மனைவி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அந்தத் தாளைப் பள்ளிக்குப் போகவிடாமல் நான் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் என்னால் அதைப் பிடித்து வைக்க முடியாது, ஐயா.

தங்கள் உத்தரவுக்காக இங்கேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை

நாள்: புதன்கிழமை, காலை பத்தே கால்
இடம்: தங்கள் அலுவலக வராந்தா